பாரம்பரியம் பீர் காய்ச்சாது

டிஸ்கி: குடிக்கு ஆதரவாகவோ எதிராகவோ எழுதப்பட்டதல்ல இது. ஒரு தொழில் எப்படிப் பிழைக்கிறது, எப்படிச் சாகிறது என்பதுதான் விஷயம். குடிக்காதவர்களும் தாராளமாகப் படிக்கலாம் :)

"பாரம்பரியம்" என்ற சொல்லைப் போல இன்று விலைபோகிற சரக்கு வேறு கிடையாது. இங்கிலாந்தின் கிராமத்துப் பீர் ஆலைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தச் சொல்லை வைத்து அடிக்கிற ஜல்லி தாங்க முடியவில்லை. பச்சைப் புல்வெளி, கல் வீடுகள், குதிரை பூட்டிய வண்டி, அதில் மரப்பீப்பாய், நடுவில் புகை விடும் பழைய ஆலை. "தலைமுறை தலைமுறையாக மாறாத கைப்பக்குவம்" என்று ஒரு வரி. முடிந்தது கட்டுரை. படிக்கிறவருக்கும் ஒரு பெருமூச்சு வருகிறது. அந்த ஆலை ஏன் இன்னும் நிற்கிறது, பக்கத்து ஊரில் இருந்தது ஏன் நிற்கவில்லை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நான் கேட்கிறேன். ஏனென்றால் அதற்கான பதில் பாரம்பரியத்தில் இல்லை. பங்குப் பத்திரத்தில் இருக்கிறது, நிலத்தின் விலையில் இருக்கிறது, வரிச் சட்டத்தில் இருக்கிறது. இதை மறைத்துவிட்டுக் குதிரை வண்டியைக் காட்டுவது வெறும் அழகியல் பிரச்சினை அல்ல. மிச்சமிருக்கும் ஆலைகளையும் காப்பாற்ற முடியாமல் போவதற்கு அதுவே ஒரு காரணம்.

உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் என்ற ஒரே ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1990இல் அங்கே பழைய பீர் ஆலைகள் நான்கு இருந்தன. ஆக்ஸ்ஃபோர்டு நகரில் மாரெல்ஸ். ஆபிங்டனில் மார்லண்ட். தேம்ஸ் கரையில், ஹென்லியில் பிராக்ஸ்பியர். வடக்கே, பான்பரிக்குப் பக்கத்தில் ஹுக் நார்ட்டன் என்ற கிராமத்தில் அதே பெயரில் ஒரு சின்ன ஆலை. நான்குக்கும் வயது நூறைத் தாண்டியது. நான்கும் மரபான பீப்பாய் பீர் காய்ச்சின. நான்குக்கும் சொந்தமாகப் பப்புகள் இருந்தன. 2002 முடிவதற்குள் மூன்று காலி. மிஞ்சியது ஹுக் நார்ட்டன் ஒன்றுதான்.

நான்கில் வயதில் இளையது எது தெரியுமா? அதே ஹுக் நார்ட்டன்தான்! பாரம்பரியம்தான் காப்பாற்றுகிறது என்றால் அதுவல்லவா முதலில் செத்திருக்க வேண்டும்?

முதலில் இந்தப் பிழைத்த ஆலையின் கதையைப் பார்ப்போம்.

1849இல் ஜான் ஹாரிஸ் என்ற விவசாயி ஹுக் நார்ட்டன் கிராமத்தின் ஓரத்தில், ஸ்காட்லாந்து எண்ட் என்ற பகுதியில், ஒரு பண்ணையில் வந்து அமர்ந்தார். பார்லியை நனைத்து, முளைகட்டி, உலர்த்தி 'மால்ட்' ஆக்குவதுதான் அவர் முதலில் செய்த தொழில். மால்ட் கையில் இருப்பவனுக்குப் பீர் காய்ச்சுவது அடுத்த படி. 1856 முதல் அவர் காய்ச்சியதற்குப் பதிவு இருக்கிறது.

காலத்தையும் கவனிக்க வேண்டும். 1830இல் வந்த பீர் சட்டம், வரி கட்டும் எந்த வீட்டுக்காரரும் 2 கினி கட்டி உரிமம் வாங்கிப் பீர் விற்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டிருந்தது. நாடு முழுவதும் ஆயிரக்கணக்கில் பீர்க் கடைகள் முளைத்தன. அந்தக் காற்றில் வளர்ந்த தலைமுறைதான் ஹாரிஸ். அதாவது கிராமத்து ஆலைகளின் பொற்காலம் என்று இன்று சொல்லப்படுவதில் ஒரு பெரும்பங்கு, நாடாளுமன்றத்தில் நிறைவேறிய ஒரு சட்டத்தின் பிள்ளை.

அடுத்தது ரயில். பான்பரியையும் செல்டன்ஹாமையும் இணைக்கும் பாதை ஹுக் நார்ட்டன் வழியாகப் போடப்பட்டது. அங்கே பள்ளத்தாக்கைக் கடக்க உயரமான பாலங்கள் வேண்டியிருந்தன. மலையைக் குடைந்து, கல்லைச் சுமந்து, தூண்களை எழுப்பக் கூட்டம் கூட்டமாகக் கூலியாட்கள் வந்து இறங்கினார்கள். பகல் முழுக்க மண் வெட்டியவனுக்குச் சாயங்காலம் தாகம் எடுக்கும். அந்தத் தாகத்தில் வளர்ந்ததுதான் ஹாரிஸின் வியாபாரம். 1887இல் பாதை திறக்கப்பட்டது. அதே ஆண்டில் ஹாரிஸ் காலமானார். பிறகு அந்த வட்டாரத்தின் இரும்புக்கல் சுரங்கங்கள் வேலையாட்களைக் கொண்டுவந்தன. சுரங்கத் தொழிலாளிக்கும் தாகம் எடுக்கும்தானே.

ஆக, "அமைதியான கிராமத்தின் ஆலை" என்று படம் காட்டப்படுவது ரயிலும் சுரங்கமும் கொண்டுவந்த கூட்டத்தால் வளர்ந்த ஆலை.

இன்னும் இருக்கிறது. இன்று சுற்றுலாப் பயணிகள் வாயைப் பிளந்து பார்க்கும் அந்த ஆறு மாடிக் கோபுர ஆலை 1900இல் எழுந்தது. வடிவமைத்தவர் வில்லியம் பிராட்ஃபோர்டு. பீர் ஆலைகளைக் கட்டுவதையே தனித் தொழிலாக வைத்திருந்த, அந்தக் காலத்தில் இங்கிலாந்து முழுக்கப் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர். உள்ளே பர்ட்டனில் செய்த பக்ஸ்டன் அண்ட் தோர்ன்லி கம்பெனியின் 25 குதிரைத்திறன் நீராவி இயந்திரம், 1899ஆம் வருடத்துச் சரக்கு.

கோபுரம் எதற்கு? அழகுக்கல்ல. தண்ணீரையும் மால்ட்டையும் ஒரே ஒரு முறை உச்சிக்கு ஏற்றிவிட்டால் போதும், அதற்கப்புறம் எல்லாம் தானாகக் கீழே இறங்கும். மேல்மாடியில் மால்ட் அரைபடும். அடுத்த தளத்தில் பெரிய தொட்டியில் வெந்நீரில் ஊறி இனிப்பான சாறாகும். அங்கிருந்து கொப்பரைக்கு இறங்கி ஹாப்ஸ் என்ற கசப்புப் பூக்களோடு கொதிக்கும். பிறகு ஆறும், ஈஸ்ட் சேர்ந்து நொதிக்கும், கடைசியில் தரைத்தளத்தில் பீப்பாயில் இறங்கும். மோட்டார் பம்பு இல்லாத காலத்தில் புவியீர்ப்பையே பம்பாக மாற்றிய பொறியியல் இது. 1900இல் இது பழமை அல்ல, அன்றைய நவீனத் தொழில்நுட்பம். கடன் வாங்கியாவது புதுசு போட வேண்டும் என்று நினைக்கிற ஒரு முதலாளியின் கணக்கு.

பாரம்பரியம் பேசுகிறவர்கள் இதைத்தான் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த இயந்திரம் 2006 வரை அன்றாட வேலையில் இருந்தது. அது பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்திருந்ததால் ஆலை பிழைத்ததா, ஆலை பிழைத்ததால் அது மிஞ்சியதா? இரண்டாவதுதான் உண்மை. பிழைப்புக்கான காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

அதைத் தேட, செத்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பிணப் பரிசோதனை மாதிரிதான்.

முதலில் மாரெல்ஸ். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டில் மாரெல் குடும்பம் நடத்திய ஆலை. பங்குச் சந்தைக்கே போகாத, அக்மார்க் குடும்பத் தொழில். பாரம்பரியவாதிகள் கொண்டாடுகிற எல்லா லட்சணமும் இருந்தது. 1998இல் குடும்பத்துக்குள்ளும் நிர்வாகத்துக்குள்ளும் சண்டை முற்றியது. விற்றுவிடுவது என்று முடிவானது. ஆலை மூடப்பட்டது, பப்புகள் ஒரு தொழிலதிபர் கைக்குப் போயின. 2002இல் அந்தப் பப்புகளை சஃபக் மாவட்டத்துப் பெரிய கம்பெனியான கிரீன் கிங் வாங்கியது. ஆலை இருந்த இடமோ ஆக்ஸ்ஃபோர்டு நகரின் மையத்துக்கு நடந்து போகும் தூரம், ஓரத்தில் ஓடை. இன்று அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு. பழைய வாசலையும் புகைபோக்கியையும் மட்டும் பத்திரமாக விட்டுவைத்திருக்கிறார்கள். பாரம்பரியம்!

இரண்டாவது மார்லண்ட். 1711இல் தொடங்கியது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஆலை. 1979இல், ஆபிங்டனில் இருந்த எம்.ஜி. கார் தொழிற்சாலையின் பொன்விழாவுக்காக 'ஓல்ட் ஸ்பெக்கிள்ட் ஹென்' என்று ஒரு பீர் காய்ச்சினார்கள். 1980ஆம் வருடம் கார் தொழிற்சாலை மூடப்பட்டது, பீர் மட்டும் பிழைத்து நாடு முழுக்கப் பரவியது. தோற்ற ஆலை என்று யாரும் சொல்ல முடியாது. கையில் ஜெயிக்கிற குதிரை இருந்தது. ஆனால் மார்லண்ட் பங்குச் சந்தையில் இருந்த கம்பெனி. விட்பிரெட் என்ற பெரும் கம்பெனியின் வசம் இருந்த ஒரு பெரிய பங்குத் தொகுதி 1992இல் கிரீன் கிங் கைக்கு மாறியது. உடனே முழுக் கம்பெனியையும் விழுங்கப் பார்த்தார்கள், மயிரிழையில் தவறியது. 1999இல் மறுபடி வந்தார்கள், இந்த முறை தவறவில்லை. 2000இல் ஆபிங்டன் ஆலை மூடப்பட்டது. 'ஹென்' சஃபக்கில் இருக்கும் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊருக்குக் குடிபெயர்ந்தது. இங்கே பீரின் வெற்றிதான் ஆலையின் சாவுக்குக் காரணம். நல்ல பெயர் எடுத்தது, அந்தப் பெயருக்காகவே வாங்கப்பட்டது.

மூன்றாவது பிராக்ஸ்பியர். மற்ற இரண்டையும்விட மனதை உறுத்துவது இதுதான். ஹென்லி பணக்கார ஊர், படகுப் பந்தயத்துக்கு உலகப் புகழ், ஆற்றங்கரை நிலத்துக்குத் தங்க விலை. 2002இல் நிர்வாகம் உட்கார்ந்து கணக்குப் போட்டது. காய்ச்சுவதை நிறுத்தினால் என்ன? பப்புகளை வைத்துக்கொண்டார்கள், பீரின் பெயரை விற்றார்கள், நிலத்தைக் காலி செய்தார்கள். ஆலைக் கட்டடம் சொகுசு ஹோட்டல் ஆனது. கட்டடம் இடிக்கப்படவில்லை, மிக நன்றாகப் பராமரிக்கப்படுகிறது. ஆலையில் போய்ப் படுத்துத் தூங்கலாம், பீர் மட்டும் காய்ச்ச முடியாது.

பிராக்ஸ்பியர் கதைக்கு ஒரு பின்கதையும் உண்டு. அதன் பழைய கொப்பரையும், 'டபுள் டிராப்' என்று பெயர்பெற்ற இரண்டடுக்கு நொதிதொட்டிகளும் 2004இல் அதே மாவட்டத்தில் விட்னி ஊரில் இருந்த விச்வுட் ஆலையில் கொண்டுபோய்ப் பொருத்தப்பட்டன. "பாரம்பரியம் காப்பாற்றப்பட்டது" என்று எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள். 2008இல் விச்வுட்டை மார்ஸ்டன்ஸ் வாங்கியது. 2020இல் மார்ஸ்டன்ஸின் ஆலைகள் கார்ல்ஸ்பெர்க்குடன் சேர்ந்த கூட்டுக் கம்பெனிக்குப் போயின. 2023 நவம்பரில் விட்னி ஆலையை மூடுவதாக அறிவித்தார்கள். 2024இல் மார்ஸ்டன்ஸ் தன் மிச்சப் பங்கையும் கார்ல்ஸ்பெர்க்கிடமே விற்றுவிட்டு வெளியேறியது. 18ஆம் நூற்றாண்டுக் கொப்பரையின் விதி டென்மார்க்குக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் முடிவானது. கொப்பரையைக் காப்பாற்றியவர்கள் அது யார் கையில் இருக்கிறது என்பதைக் காப்பாற்றவில்லை.

மூன்று சாவுகளையும் அடுக்கிப் பாருங்கள். மூன்றிலும் பொதுவாக என்ன இருக்கிறது? கைப்பக்குவம் மறந்துபோகவில்லை. காய்ச்சுகிறவர்கள் ஓடிப்போகவில்லை. குடிக்கிறவர்களும் இருந்தார்கள். இருந்தது இரண்டே விஷயம்: விற்கக்கூடிய பங்கு, காய்ச்சுவதைவிடக் காலி செய்வதில் அதிகம் தரும் நிலம்.

இப்போது ஹுக் நார்ட்டனுக்குத் திரும்புவோம். அது பங்குச் சந்தைக்குப் போகாத கம்பெனி. ஹாரிஸ் குடும்பத்தோடு திருமணத்தால் உறவான ஆல்பன் கிளார்க் காலத்திலிருந்து கிளார்க் குடும்பம்தான் நடத்தி வருகிறது. அந்த வாரிசுகள் விற்க விரும்பவில்லை. ஆலை இருப்பதோ சுமார் 2,000 பேர் வாழும் கிராமத்தின் ஓரம். ஹென்லி ஆற்றங்கரையோடு ஒப்பிட்டால் அந்த நிலத்துக்கு என்ன போட்டி இருந்திருக்கும்? ஐம்பதுக்கும் குறைவான பப்புகள். பெரிய முதலைக்கு ஒரு வாய்க்குக்கூடப் போதாது. சிறியதாக, ஓரமாக இருந்ததும், உரிமையாளர்கள் மனம் மாறாததும்தான் அதைக் காப்பாற்றின. இது பெருமைப்பட வேண்டிய விஷயமா, பயப்பட வேண்டிய விஷயமா? நான் பயப்படத்தான் சொல்வேன். ஒரு குடும்பத்தின் நல்ல மனசையும் ஒரு கிராமத்தின் நிலவிலையையும் நம்பி ஒரு மாவட்டத்தின் தொழில் வரலாறே தொங்கிக்கொண்டிருக்கிறது. மாரெல்ஸும் ஒரு குடும்பம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

இதற்கு வழக்கமாக வருகிற பதில்கள் மூன்று. மூன்றையும் பார்த்துவிடலாம்.

முதல் பதில்: "சந்தை முடிவு செய்கிறது. ஜனங்களுக்குப் பிடித்திருந்தால் பிழைத்திருக்கும்." 'ஹென்' ஜனங்களுக்குப் பிடித்திருந்தது. பிடித்ததால்தான் ஆபிங்டன் ஆலை போனது. பீரின் சந்தை வேறு, பங்கின் சந்தை வேறு, மனையின் சந்தை வேறு. ஒன்றில் ஜெயித்த ஆலையை மற்ற இரண்டும் கொல்ல முடியும். 1900இல் பிரிட்டனில் 6,000க்கும் மேல் பீர் ஆலைகள் இருந்தன. 1980 வாக்கில் மிஞ்சியது சுமார் 150. இத்தனை ஆலைகளும் மோசமான பீர் காய்ச்சியதால் மூடப்பட்டனவா? ஒன்றை ஒன்று வாங்கி மூடியதுதான் பெரும்பகுதிக் கதை. வாங்குகிறவனுக்கு வேண்டியது ஆலை அல்ல, அதோடு வரும் பப்புகள். பான்பரியில் இருந்த ஹண்ட் எட்மண்ட்ஸும், விட்னியில் இருந்த கிளிஞ்சும் 1960களில் பெரிய கம்பெனிகளிடம் போய் மறைந்தவைதான்.

இரண்டாவது பதில்: "அப்படியென்றால் சட்டம் போட்டுத் தடுக்கலாமே, போட்டார்களே." ஆமாம், போட்டார்கள். எப்படிப் போட்டார்கள் என்று பாருங்கள். பிரிட்டனில் ஆலைகளே பப்புகளைச் சொந்தமாக வைத்திருக்கும். அந்தப் பப்பை நடத்துகிறவர் அந்த ஆலையின் பீரைத்தான் வாங்கி விற்க வேண்டும், இதை 'டை' என்பார்கள். 1980களின் இறுதியில் ஆறு பெரும் கம்பெனிகள் நாட்டின் பீரில் முக்கால் பங்கைக் காய்ச்சின. 1989இல் அரசு ஒரு ஆணை கொண்டுவந்தது: 2,000 பப்புகளுக்கு மேல் வைத்திருக்கும் ஆலை, அதற்கு மேல் இருப்பவற்றில் பாதியை டையிலிருந்து விடுவிக்க வேண்டும். நோக்கம் நல்லதுதான். நடந்தது என்ன? பெரிய கம்பெனிகள் பப்புகளை ஆயிரக்கணக்கில் விற்றன. வாங்கியவை பீரே காய்ச்சாத, பப்புகளை மட்டும் சொந்தமாக வைத்திருக்கும் புதுக் கம்பெனிகள். ஆணை ஆலைகளைப் பற்றித்தானே பேசியது, காய்ச்சாதவனுக்கு அது பொருந்தாது! முதலாளி மாறினார், டை மாறவில்லை. 2003இல் அந்த ஆணையையே ரத்து செய்துவிட்டார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. காய்ச்சுவதை விட்டுவிட்டுப் பப்புகளை மட்டும் வைத்துக்கொண்டாலும் லாபம் பார்க்கலாம் என்பதை இந்தப் புதுக் கம்பெனிகள் எல்லோருக்கும் காட்டிக் கொடுத்தன. 2002இல் பிராக்ஸ்பியர் செய்தது என்ன? அதே கணக்குத்தான்.

டை முறை நல்லது என்று வக்காலத்து வாங்கவில்லை. வெளியில் மலிவாகக் கிடைக்கும் பீப்பாயை அதிக விலைக்கு வாங்கக் கட்டாயப்படுத்தப்பட்டு நொடித்துப்போன பப்புக்காரர்கள் ஏராளம். ஆனால் ஆயிரக்கணக்கில் பப்பு வைத்திருப்பவனின் டையும், நாற்பது பப்பு வைத்திருக்கும் கிராமத்து ஆலையின் டையும் ஒன்றல்ல. முன்னது கழுத்தில் கயிறு. பின்னது சின்ன ஆலைக்கு இருக்கும் ஒரே உறுதியான வாடிக்கை. பெரிய கம்பெனிகள் தங்கள் பப்பில் சின்ன ஆலையின் பீப்பாயை எப்போது வேண்டுமானாலும் வெளியே தள்ளலாம். சொந்தப் பப்பிலிருந்து தள்ள முடியாது. பிந்தைய சட்டங்களுக்கு இந்த வித்தியாசம் புரிந்திருக்கிறது. 2016இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வந்த பப் விதிமுறை, 500 அல்லது அதற்கு மேற்பட்ட டை பப்புகளை வைத்திருக்கும் கம்பெனிகளை மட்டும் கட்டுப்படுத்துகிறது. 2002இல் வந்த வரிச் சலுகையும் அப்படித்தான்: ஆண்டுக்கு 5,000 ஹெக்டோலிட்டருக்குள் காய்ச்சும் ஆலைக்குப் பீர் வரியில் பாதி தள்ளுபடி. (ஒரு ஹெக்டோலிட்டர் என்றால் 100 லிட்டர்.) அதற்கப்புறம் நூற்றுக்கணக்கில் புது ஆலைகள் பிறந்தன. 2023 ஆகஸ்டில் அந்தச் சலுகையின் வடிவம் மாறியது, ஆனால் சிறியவனுக்கு வேறு வரி என்ற கொள்கை நிற்கிறது. எத்தனையோ பாராட்டுக் கட்டுரைகள் செய்யாததை ஒரு வரி விகிதம் செய்தது.

மூன்றாவது பதில்தான் எனக்கு அதிக எரிச்சல் தருவது: "கட்டடத்தையாவது காப்பாற்றினோமே." கட்டடத்தைக் காப்பாற்றினீர்கள், சரி. புகைபோக்கி நிற்கிறது, வாசல் வளைவு நிற்கிறது, சுவரில் பெயர் தெரிகிறது. மால்ட் கொதிக்கும் மணம் தெருவில் இல்லை. மாரெல்ஸில் வேலை பார்த்தவனின் பிள்ளை அங்கே வேலைக்குப் போக முடியாது, அவன் சம்பளத்தில் அந்த அடுக்குமாடியில் வீடு வாங்கவும் முடியாது. பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியல் என்பது செங்கல்லுக்குச் சலாம் போடுகிற சட்டம். உள்ளே நடக்கும் வேலையைப் பற்றி அதற்குக் கவலையில்லை. பப்புகளுக்காவது 2011இன் உள்ளூர்ச் சட்டம் ஊர்மக்கள் ஏலம் கேட்க அவகாசம் வாங்கித் தந்தது. 2017 முதல் இங்கிலாந்தில் திட்ட அனுமதி இல்லாமல் ஒரு பப்பை இடிக்கவோ வேறு கடையாக மாற்றவோ முடியாது. பீர் குடிக்கிற இடத்துக்கு இவ்வளவு கவனம். காய்ச்சுகிற இடத்துக்கு?

வெறும் விமர்சனம் மட்டும் செய்துவிட்டு ஓடுவது நியாயமில்லை. என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்கிறேன்.

ஒன்று, சின்ன ஆலையின் மனைக்கும் பப்புக்கு இருப்பதுபோல் கவசம் வேண்டும். காய்ச்சுவதை நிறுத்திவிட்டு வீடோ ஹோட்டலோ கட்ட வேண்டுமென்றால், முதலில் இன்னொருவர் அங்கே காய்ச்ச வாய்ப்பு தரப்பட்டு, அதில் தோற்ற பிறகுதான் அனுமதி என்று இருக்க வேண்டும். நிலத்தை விற்று வரும் லாபத்துக்கு உத்தரவாதம் இல்லை என்றால், பிராக்ஸ்பியரின் கணக்கு வேறு விதமாக முடிந்திருக்க வாய்ப்பு உண்டு.

இரண்டு, வாரிசுகள் விற்க நினைக்கும் நாளுக்கு இப்போதே வழி வைத்திருக்க வேண்டும். பங்குகளை ஊழியர்களுக்கான அறக்கட்டளையிடம் விற்றால் உரிமையாளருக்கு வரிச் சலுகை என்று 2014இல் பிரிட்டனில் சட்டம் வந்தது. அந்தக் கதவு இருக்கிறது. கிராமத்து ஆலைகளை நேசிப்பவர்கள் முதலாளி குடும்பத்திடம் கேட்க வேண்டியது "உங்கள் கொள்ளுத்தாத்தா கதை சொல்லுங்கள்" என்பதல்ல. "உங்களுக்கு அப்புறம் பங்கு யாருக்கு?" என்பதைத்தான்.

மூன்று, அளவைப் பார்த்து வரி, அளவைப் பார்த்து சட்டம். இதில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது. "எல்லோருக்கும் சமமான விதி" என்று பெரிய கம்பெனி சொல்லும்போது, யானையும் ஆடும் ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கட்டும் என்கிறது. முதலில் தொட்டியைக் காலி செய்வது எது என்று சொல்லத் தேவையில்லை.

அமைப்பாகச் சேர்ந்து கத்தினால் பலன் உண்டு என்பதற்கும் இந்த வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 1971இல் நான்கு பீர் ரசிகர்கள் அயர்லாந்துக்குச் சுற்றுலா போன இடத்தில் 'காம்ரா' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஈஸ்ட்டைக் கொன்று, வாயுவை ஏற்றி, எங்கும் ஒரே ருசியில் விற்கப்பட்ட பீருக்கு எதிராக, பீப்பாயிலேயே உயிரோடு நொதிக்கும் பீருக்காக. பெரிய கம்பெனிகள் சிரித்தன. சில ஆண்டுகளில் அதே கம்பெனிகள் பீப்பாய் பீரை மறுபடி விற்க ஆரம்பித்தன. அந்த இயக்கம் இல்லாவிட்டால் ஹுக் நார்ட்டன் மாதிரியான ஆலைகளின் பீரைக் கேட்டு வாங்க ஒரு தலைமுறையே இருந்திருக்காது. ஆனால் அது காப்பாற்றியது பீரின் வகையை. ஆலைகளைக் காப்பாற்ற அது மட்டும் போதவில்லை என்பதற்குத்தான் மேலே சொன்ன மூன்று சாவுகளும் சாட்சி. ருசிக்காக வென்ற போராட்டத்தை இனி உடைமைக்காக நடத்த வேண்டும்.

ஜான் ஹாரிஸ் பாரம்பரியத்தைக் காக்க வந்தவர் அல்ல. மால்ட் இருந்தது, தாகம் இருந்தது, சட்டம் அனுமதித்தது, காய்ச்சினார். அவருக்குப் பின் வந்தவர்கள் லாபம் வந்தபோது அன்றைய புது இயந்திரத்தை வாங்கினார்கள். அவர்கள் செய்தது தொழில். அதைத் தொழிலாகப் பார்த்தால்தான் காப்பாற்ற முடியும். நினைவுச் சின்னமாகப் பார்த்தால் நினைவுச் சின்னம்தான் மிஞ்சும். ஆக்ஸ்ஃபோர்டிலும் ஹென்லியிலும் அதுதான் மிஞ்சியிருக்கிறது.

எனவே அடுத்த முறை ஏதாவது பாட்டிலின் மீது பழைய ஆண்டும், குதிரைப் படமும், "பாரம்பரியம்" என்ற எழுத்தும் கண்ணில் பட்டால் மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்த ஊரில் காய்ச்சப்பட்டது? அந்த ஆலையின் பங்கு யார் கையில்? அது நிற்கும் நிலத்தை நாளைக்கே விற்க முடியுமா? மூன்றுக்கும் பதில் கிடைக்கவில்லை என்றால் அந்தக் குதிரைக்கு வண்டி கிடையாது, படம் மட்டும்தான்.